சிங்கப்பூர் ஆறும் நம் தோணிக்காரர்களும்

இன்று சுற்றுலாப் படகுகள் ஓடும் சிங்கப்பூர் ஆறு, ஒரு காலத்தில் இந்த ஊரின் துறைமுகம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்து சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட நம் முன்னோர், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே சரக்குத் தோணித் தொழிலில் முன்னணியில் இருந்தனர். ஆற்றங்கரைக்கு அருகிலுள்ள சூலியா தெருவும், 1826இல் தொடங்கிய சூலியா பள்ளிவாசலும் அதற்குச் சாட்சி.

பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வர முடியாது. அவை வெளியே நங்கூரமிடும். தோணிகள் சரக்கை ஏற்றிவந்து கரையோரக் கிட்டங்கிகளில் சேர்க்கும். எல்லாம் நீர்மட்டத்தைப் பொறுத்தது. 1869இல் கட்டிய கெவனா பாலம் தாழ்வானது. நீர் ஏறினால் தோணி பாலத்தடியில் நுழையாது. நீர் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அதே ஆண்டு சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகின. மேற்கே ஆழமான புதிய துறைமுகத்தில் அவை நேரடியாக அணைந்தன. தோணித் தொழிலும் அக்காலத்திலேயே பெரும்பாலும் சீனர் கைக்கு மாறியது. ஆயினும் கிட்டங்கிகள் கரையில் இருந்ததால் ஆற்றுப் போக்குவரத்து மேலும் நூறாண்டு நீடித்தது. 1972இல் தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. 1977இல் ஆற்றைத் துப்புரவாக்கும் பணி தொடங்கியது. 1983இல் தோணிகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன.

ஆற்று வழி மலிவாயிற்றே, மீண்டும் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பதுண்டு. வணிகம் செய்யும் நாங்கள் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியைத்தான் முதலில் எண்ணுவோம். கப்பலிலிருந்து தோணிக்கு, தோணியிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து கடைக்கு: ஒரே மூட்டையை நான்கு முறை தூக்க வேண்டும். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆற்றில் மிச்சமாகும் எரிபொருள் அந்தக் கூலிக்குக் காணாது. சரவாக்கின் ரெஜாங் ஆற்றின் கதை வேறு. அங்கே கடற்கப்பல்கள் சிபு வரை செல்கின்றன. அதற்கும் மேலே, நெடுங்காலம் சாலை எட்டாத காப்பிட் நகருக்கு அப்போது ஆறே வழியாக இருந்தது. தூரமும் ஆழமும் இருந்து, சாலை இல்லாத இடத்தில் ஆறு கட்டுப்படியாகும்.

தோணிகள் திரும்பப் போவதில்லை. ஆனால் அவற்றை ஓட்டியவர்கள், சுமை தூக்கியவர்கள், கணக்கு எழுதியவர்களின் பெயர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கக்கூடும். பழைய ரசீதோ, புகைப்படமோ, பெரியவர்களின் நினைவோ இருந்தால், அது மறைவதற்குள் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் சரக்கு அதுவே.