கார்த்தேசு நகரில் எழுந்த பொறுமை நூல்கள்

பொறுமை குறித்துக் கிறித்தவர் இலத்தீன் மொழியில் இயற்றிய தனி நூல்களுள் தொன்மை வாய்ந்தவை இரண்டும் வட ஆப்பிரிக்காவில், கார்த்தேசு நகரில் தோன்றின. கி. பி. 200-ஐ ஒட்டித் தெர்த்துல்லியன் ஒன்றை எழுதினார்; 256-இல் அந்நகர ஆயர் சிப்ரியன் மற்றொன்றை எழுதினார். பின்னது முன்னதன் வழிநூல் என்ற அளவில் அமைவாருமுளர். அக்கூற்று முற்றும் பொருந்தாது என்பது எம் கருத்து.

முதற்கண் சொல்லை நோக்குவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் இப்பண்பிற்கு இரு சொற்களை ஆளும். 'உப்பொமொனே' என்பது சுமையின்கீழ் நிலைத்து நிற்றல். 'மக்ரொதுமியா' என்பது சினத்தை நெடிது தாழ்த்தல். பின்னதனைத் தமிழ் விவிலியம் 'நீடிய பொறுமை' எனப் பெயர்த்து வேறுபடுத்தும். இலத்தீனிலோ, துன்புறுதலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்த 'பத்தியென்சியா' என்னும் ஒரு சொல்லே பெரும்பாலும் இரண்டையும் தாங்கிற்று. நம் 'பொறை' சுமையையும் பொறுமையையும் ஒருங்கே உணர்த்துதல் ஈண்டு நினைக்கத்தகும்.

தெர்த்துல்லியன் இயல்பிலேயே கடுஞ்சொல்லர். தம்பால் இல்லாத பண்பைத் தாம் புகழ்வது நோயாளி உடல்நலத்தைப் புகழ்வதனை ஒக்கும் என்று அவரே நூன்முகத்தில் கூறிவிடுகின்றார். பொருளிழப்பு, பிறர் இகழ்ச்சி, அன்புடையார் மறைவு ஆகியவற்றைத் தாங்கும் உள்ளமே அவர்தம் பேசுபொருள். இறுதியில் பொறுமையைப் பெண்ணாக உருவகித்து, சுருக்கமற்ற நெற்றியும் தாழ்ந்த நோக்கும் வெண்ணிற ஆடையும் உடையளாகக் காட்டுகின்றார். நூலின் சிறந்த பகுதி அதுவே.

சிப்ரியன் தெர்த்துல்லியனை நாள்தோறும் பயின்றவர் என எரோனிமு எழுதிவைத்துள்ளார். இறைவனின் பொறுமையே மாந்தர் பொறுமைக்கு மூலம் என்பது முதலிய கருத்துகள் பல முன்னூலினின்று வந்தவையே. ஆயின் நூல் எழுந்த சூழல் வேறு. திருச்சபைக்குப் புறம்பானோர் அளித்த திருமுழுக்குச் செல்லாது, அவர்களிடமிருந்து வருவோர்க்குச் சபையே முழுக்களித்தல் வேண்டும் என்றார் சிப்ரியன்; கை வைத்து ஏற்றலே போதும் என்றார் உரோமை ஆயர் ஸ்தேவான். 256 செப்டம்பர் 1-ஆம் நாள் கார்த்தேசில் கூடிய 87 ஆயரும் சிப்ரியன் கொள்கையையே ஏற்றனர். அவ்வாண்டில் யூபையானு என்னும் ஆயர்க்கு எழுதிய மடலின் இறுதியில், இவ்வழக்கின் பொருட்டு உடன் ஆயரோடு பூசலிட விரும்பாமையைக் குறித்து, அந்நோக்குடனேயே பொறுமை நூலை இயற்றியதாகவும் சிப்ரியன் தெரிவிக்கின்றார். நூலினுள் அவ்வழக்குப் பெயர் சுட்டிப் பேசப்படவில்லை. மடல் கிட்டாதிருப்பின் இந்நூலைப் பொதுவான அறவுரை என்றே நாம் கொண்டிருப்போம். தனியொருவன் துயர் தாங்கும் பண்பாக நின்ற பொறுமை, கருத்து மாறுபட்டோர் பிரியாது வாழ்தற்குரிய பண்பாக விரிந்தது இவ்விடத்தேதான்.

அப்பொறுமையை அவர் என்றும் காத்தாரல்லர். பொம்பேயு என்பார்க்கு எழுதிய மடலில் ஸ்தேவானைச் செருக்குடையார் எனக் கடிந்துரைக்கும் பகுதி மிகக் கடுமையானது. எனினும், தம்மொடு மாறுபட்ட ஆயரைத் தாம் உறவினின்று விலக்கவில்லை. 257-இல் ஸ்தேவான் மறைந்தார். 258 செப்டம்பர் 14-இல் உரோமை ஆட்சியரால் சிப்ரியன் தலை துணிக்கப்பெற்றார்.

ஏறத்தாழ 400-ஆம் ஆண்டில் தொனாத்தியர் தம் பிரிவினைக்குச் சிப்ரியனையே சான்று காட்டினர். அவர்க்கு விடை கூறிய அகுசுதீன், திருமுழுக்குப் பற்றிய சிப்ரியன் முடிபு பிழையென்றே கொண்டார். ஆனால் மாறுபட்டும் பிரியாதிருந்த அவர் செயலையே தொனாத்தியர்க்கு எதிராக எடுத்துக்காட்டினார்.