கோர்ட்டில் குழந்தைக்கு யார் துணை? – ஒரு 150 வருஷக் கதை

1/ ஊட்டி மகளிர் நீதிமன்றத்தில் ஒரு போக்சோ வழக்கு நடக்குதுன்னு வைத்துக்கொள்ளுங்கள். நீதிபதி இருக்கிறார். அரசுத் தரப்புக்கு ஒரு வக்கீல், குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு வக்கீல். சாட்சி சொல்ல எங்களை மாதிரி ஒரு டாக்டர்.

சரி, அந்தக் குழந்தைக்காக மட்டும் வந்தவர் யார்?

2/ "அம்மா அப்பா இருப்பாங்களே டாக்டர்?"

இருப்பாங்க. ஆனா குற்றம் சாட்டப்பட்டவர் அதே எஸ்டேட்டில், அதே லைன் வீட்டு வரிசையில் இருக்கலாம். சொந்தக்காரராகவே இருக்கலாம். கோர்ட்டுக்கு வந்தா அம்மாவுக்கு அன்னிக்கு இலை பறிக்கிற கூலி போச்சு. அங்கே பேசுற சட்ட வார்த்தை ஒண்ணும் புரியாது. குழந்தையைவிட அவங்கதான் அதிகம் பயந்து போயிருப்பாங்க.

3/ இந்தக் கேள்விக்கு உலகம் பதில் தேடின கதை பெருசு. 1874, நியூயார்க். மேரி எல்லன் என்று சுமார் 10 வயசுப் பெண். வளர்ப்புத் தாய் தினமும் அடிச்சு, வெளியே விடாம வச்சிருந்தார். ஏழைகள் வீட்டுக்குப் போய் உதவி செய்யும் எட்டா வீலர் என்ற பெண் இதைக் கண்டுபிடிச்சார். பல இடங்களில் கேட்டும் யாரும் தலையிடலை.

கடைசியில் அவர் போய் நின்றது ஹென்றி பெர்கிடம். 1866ல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை ஆரம்பிச்சவர்.

4/ "அந்தக் குழந்தையை ஒரு விலங்குன்னு சொல்லி கோர்ட்டில் காப்பாத்தினாங்க" என்று ஒரு கதை சுத்துது. அது உண்மையில்லை. பெர்க் தனி மனிதராகத்தான் தலையிட்டார். அவருடைய வக்கீல் எல்பிரிட்ஜ் கெர்ரி ஆட்கொணர்வுச் சட்டத்தின் வழியாகத்தான் குழந்தையை வெளியே கொண்டுவந்தார்.

வளர்ப்புத் தாய்க்கு ஒரு வருஷம் சிறை. இந்த வழக்கைத் தொடர்ந்துதான் குழந்தைகளுக்கென்றே ஒரு வதைத் தடுப்புச் சங்கம் அங்கே பிறந்தது. மேரி எல்லன் வீலர் குடும்பத்தோடு வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளைகளைப் பெற்று, 1956ல் 92 வயதில் காலமானார்.

ஒருத்தர் விடாம கதவைத் தட்டினதால் கிடைச்ச வாழ்க்கை அது.

5/ அடுத்த பகுதி எங்க தொழிலுக்கே கொஞ்சம் வெட்கம். அடிபட்ட குழந்தைகள் எப்பவும் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுத்தான் இருந்தாங்க. "கீழே விழுந்துட்டான்" என்று பெற்றோர் சொல்வதை டாக்டர்கள் அப்படியே எழுதிக்கொண்டோம்.

1946ல் ஜான் காஃபி என்ற டாக்டர், தலைக்குள் ரத்தக் கசிவும் கை கால் எலும்புகளில் பல முறிவும் சேர்ந்திருந்த 6 கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1962ல் ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் அவர் குழுவினரும் அதற்கு ஒரு பெயரே வைத்தார்கள்: அடிபட்ட குழந்தை நோய்க்குறி. அதுக்கப்புறம் சில வருஷத்திலேயே அமெரிக்க மாநிலங்கள் எல்லாம், சந்தேகம் வந்தா டாக்டர் புகார் செய்தே ஆகணும்னு சட்டம் போட்டன.

6/ வழக்குகள் குவிந்தன. 1974ல் அமெரிக்க மத்திய சட்டம் சொன்னது: மத்திய நிதி வேணும்னா, இப்படிப்பட்ட வழக்கில் குழந்தைக்குன்னு ஒரு பிரதிநிதியை மாநிலங்கள் நியமிக்கணும். ஆனா அவ்வளவு பேருக்கு எங்கே போவது?

7/ சியாட்டிலில் டேவிட் சூக்கப் என்று ஒரு நீதிபதி. போதுமான தகவல் இல்லாம ஒரு குழந்தையின் வாழ்க்கையை முடிவு செய்கிறோமேன்னு அவருக்கு உறுத்தல். தன்னார்வலர்கள் இதைச் செய்வாங்களான்னு பேச, மதிய நேரத்தில் ஒரு கூட்டம் கூப்பிட்டார். நாலைந்து பேர் வருவாங்கன்னு நினைச்சார். வந்தது 50 பேர்!

1977ல் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர் வக்கீல் இல்லை. சுமார் 30 மணி நேரப் பயிற்சி. கையில் ஒன்றிரண்டு குழந்தைகள்தான். வீட்டுக்குப் போவார், டீச்சரைப் பார்ப்பார், டாக்டரிடம் கேட்பார், நீதிபதிக்கு அறிக்கை கொடுப்பார். பிறகு இது அமெரிக்கா முழுக்கப் பரவியது.

8/ நம்ம ஊருக்கு வருவோம். 1920லேயே இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டம் போட்டது நம்ம சென்னை மாகாணம்தான். குழந்தைகளுக்குத் தனி நீதிமன்றம் என்ற யோசனை அதில் இருந்தது. ஆனா குழந்தை பக்கத்தில் உட்காரும் ஆள்?

அது வர 2012 ஆச்சு.

9/ 2012 நவம்பர் 14 முதல் போக்சோ சட்டம் அமலுக்கு வந்தது. அதன் விதிகளில் 'ஆதரவு நபர்' என்று ஒருவர் வருகிறார். 2020 விதிகள் அவர் வேலையை விரிவாகச் சொல்கின்றன. குழந்தை, பெற்றோர் சம்மதத்தோடு குழந்தைகள் நலக் குழு அவரை நியமிக்கும். விசாரணை தொடங்கி வழக்கு முடியும் வரை கூட வருவார். அடுத்து என்ன நடக்கும்னு புரியவைப்பார். குழந்தையின் பயத்தை அதிகாரிகளிடம் சொல்வார். தெரிந்ததை வெளியே சொல்லக் கூடாது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி: "இவர் வேண்டாம்" என்று குழந்தை சொன்னால் மாற்றலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

10/ இது அமெரிக்கத் திட்டத்துக்கு நகல் இல்லை. இங்கே ஊதியமும் உண்டு. திறன்மிக்க தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது.

2023 ஆகஸ்ட் 18 அன்று, உத்தரப் பிரதேசம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஆதரவு நபர் தேவையா என்பதைப் பெற்றோர் முடிவுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. அப்படி ஒருவர் கிடைப்பார் என்பதையே அவர்களிடம் சொல்லியாக வேண்டும்.

யோசிச்சுப் பாருங்க. இருக்குன்னே தெரியாத ஒண்ணை யார் கேட்பாங்க?

11/ நீலகிரியில் இது ஏன் இன்னும் முக்கியம்? கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைப்பாதை. பந்தலூர் அதையும் தாண்டி. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று 6 பழங்குடிகள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் குடும்பங்கள். ஜார்க்கண்டிலிருந்து தேயிலை பறிக்க வந்தவர்கள். ஒரு பணியர் வீட்டுக் குழந்தையால் கோர்ட்டுத் தமிழில் தனக்கு நடந்ததைச் சொல்ல முடியுமா? மொழிபெயர்ப்பாளர் கேட்கவும் அதே சட்டத்தில் உரிமை உண்டு. அதை யாராவது ஞாபகப்படுத்தணும்.

12/ இந்த இழையிலிருந்து 4 விஷயம் மட்டும் மனசில் வைங்க:

• குழந்தைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா 1098. கட்டணம் இல்லை.
• சிகிச்சைக்கு எஃப்ஐஆர் வேண்டியதில்லை. காகிதம் கேட்டு எந்த டாக்டரும் அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது.
• பரிசோதனையின்போது குழந்தை நம்பும் ஒருவர் கூட இருக்கலாம்.
• "எங்க குழந்தைக்கு ஆதரவு நபர் வேணும்" என்று குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள்.

13/ நீங்களே செய்ய நினைக்கிறீங்களா? குழந்தைகள் உரிமைக்காக வேலை செய்யும் அமைப்புகளில் சேர்ந்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பட்டியலில் பதிவு செய்ய முடியுமான்னு விசாரிங்க. ஓய்வு பெற்ற டீச்சர், நர்ஸ், அந்தந்த மொழி தெரிஞ்ச இளைஞர்கள் இதற்கு ரொம்பத் தேவை.

எட்டா வீலர் டாக்டர் இல்லை, வக்கீல் இல்லை. ஒரு குழந்தை கஷ்டப்படுவது தெரிஞ்சும் சும்மா போகாதவர். அவ்வளவுதான்.

எஸ்டேட் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு இதை அனுப்புங்க. 🙏