கைக்கடிகாரம் காட்டும் எண்களுக்கும் ஒரு வரலாறு உண்டு



உங்களுக்கு 45 வயது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் மெதுவோட்டம் ஆரம்பித்திருக்கிறீர்கள். கையில் புத்தம்புதுக் கைக்கடிகாரம். புளோக்கைச் சுற்றி ஓடிவிட்டு, மூச்சு வாங்க நின்று பார்க்கிறீர்கள். இதயத்துடிப்பு 178, சிவப்பு நிறத்தில் மின்னுகிறது. வி.ஓ.2 மேக்ஸ் ‘குறைவு’. நடந்த அடிகள் 6,200, இலக்கோ 10,000. “என்னடா இது, நமக்கு ஓட்டமெல்லாம் சரிப்படாது போலிருக்கே” என்று தோன்றும். சிலர் அன்றோடு ஓட்டத்தையே விட்டுவிடுவார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். வரலாற்றுப் பாடத்தில் ஒரு சான்று கிடைத்தால் மூன்று கேள்விகள் கேட்கிறோம். இதை யார் சொன்னது? எப்போது? எதற்காக? அதே கேள்விகளை இந்த எண்களிடமும் கேட்டுப் பார்ப்போம்.

நாடியும் கடிகாரமும்

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ ஒரு நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டார். அதன் ஆட்டம் நோயாளியின் நாடியோடு ஒத்துப்போகும் வரை நூலைக் கூட்டிக் குறைத்தார். நூலின் நீளம்தான் அவருக்கு நாடியின் அளவு. பிறகு, இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃபுளோயர் சரியாக ஒரு நிமிடம் மட்டும் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, 1707இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு’ என்று எண்ணும் பழக்கம் இப்படித்தான் வளர்ந்தது.

1982இல் பின்லாந்தின் போலார் நிறுவனம் நெஞ்சில் கட்டும் பட்டையையும் மணிக்கட்டில் அணியும் கருவியையும் கம்பியில்லாமல் இணைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. பனியில் சறுக்கும் வீரர்களின் துடிப்பை, அவர்களை நிறுத்தாமலே அளக்க வேண்டும் என்பதுதான் அதன் பின்னணி.

இன்றைய கடிகாரத்தில் பட்டை இல்லை. பின்புறத்துப் பச்சை ஒளி தோலுக்குள் பாய்கிறது. இரத்தம் கூடும்போது ஒளி அதிகமாக உறிஞ்சப்படும். அந்த மாற்றத்தைத்தான் கருவி எண்ணுகிறது. வார் தளர்ந்து கடிகாரம் ஆடினால் கணக்கு தவறும். சில நேரம் உங்கள் காலடி எண்ணிக்கையையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஓடும்போது நிமிடத்துக்கு 170க்கும் மேல் அடி வைப்பது பலருக்குச் சாதாரணம். ஆக, அந்த 178 உங்கள் இதயமாகவும் இருக்கலாம், காலாகவும் இருக்கலாம்! வாரை மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே இறுக்கிக் கட்டிவிட்டு மறுபடியும் பாருங்கள்.

220 எங்கிருந்து வந்தது?

சிவப்பு நிறம் ஏன் வந்தது? பல கருவிகள் தொடக்கத்தில் ‘220இலிருந்து வயதைக் கழி’ என்ற கணக்கையே பின்பற்றுகின்றன. 45 வயதுக்கு 175. நீங்கள் ‘உச்சத்தை’யே தாண்டிவிட்டீர்கள் என்று அது நினைக்கிறது.

இந்தக் கணக்கு, 1971இல் இதயநோய்த் தடுப்பு பற்றி ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் ஆகியோர் எழுதிய கட்டுரையோடு பிரபலமானது. அவர்கள் அதற்கென்று தனிச் சோதனை நடத்தவில்லை. ஏற்கெனவே வந்திருந்த ஆய்வுகளின் எண்களை வைத்துக் கண்ட தோராயக் கோடு அது, அவ்வளவுதான். 2001இல் தனாக்காவும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து, ‘208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழி’ என்றார்கள். 40 வயதில் இரண்டு கணக்கும் 180தான். 60 வயதில் ஒன்று 160 என்கிறது, மற்றது 166 என்கிறது. இரண்டுமே சராசரிகள். ஒரே வயதுடைய இருவரின் உச்சத்துடிப்பில் 10, 20 வேறுபாடு இருப்பது புதுமையல்ல.

வி.ஓ.2 மேக்ஸும் 2.4 கிலோமீட்டரும்

உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதே வி.ஓ.2 மேக்ஸ். நோபல் பரிசு பெற்ற ஏ.வி. ஹில் 1920களின் தொடக்கத்தில், மூச்சைச் சேகரிக்கும் பையை முதுகில் சுமந்து தாமே ஓடி இதை ஆராய்ந்தார்.

எல்லாரையும் இப்படிப் பை சுமந்து ஓடவைக்க முடியுமா? அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் எளிய வழி சொன்னார்: 12 நிமிடத்தில் ஓடும் தூரத்தை வைத்தே மதிப்பிடலாம். ஒன்றரை மைல் ஓட்டத்துக்கும் அவர் கணக்குக் கொடுத்தார். ஒன்றரை மைல் என்றால் 2.4 கிலோமீட்டர். ஆம் மாணவர்களே, நாப்ஃபா தேர்வில் நீங்கள் ஓடும் அதே தூரம்!

கடிகாரமும் உங்கள் வேகத்தையும் துடிப்பையும் வைத்து மதிப்பிடுகிறதே தவிர, ஆக்சிஜனை அளப்பதில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதே வேகத்துக்குத் துடிப்பு கூடும். அதனால் மதிப்பீடு குறையக்கூடும்.

10,000 அடி

இதுதான் எல்லாரையும் வியக்கவைக்கும். 1964 தோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு, 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று ‘மான்போ கெய்’ என்ற அடி எண்ணும் கருவியை விற்றது. பெயரின் பொருளே ‘பத்தாயிரம் அடி மானி’. சொல்ல எளிது, நினைவில் நிற்கும். விற்பனைப் பெயர் காலப்போக்கில் மருத்துவ விதிபோல ஆகிவிட்டது. 2019இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மூத்த பெண்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 அடியிலேயே பலன் தெரிந்தது. சுமார் 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

மாணவர்களே, கட்டுரையில் ‘தினமும் 10,000 அடி நடக்க வேண்டும் என்று அறிவியல் கூறுகிறது’ என்று எழுதுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களே, திருத்தும்போது அந்த வரியின் பக்கத்தில் ‘யார் சொன்னது?’ என்று ஒரு கேள்வி போடுங்கள்.

அப்படியானால் கடிகாரத்தைக் கழற்றி எறிந்துவிடலாமா? வேண்டாம். அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடாமல், உங்களுடைய போன மாத எண்ணோடு ஒப்பிடுங்கள். அதே பாதை, அதே வேகம், துடிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறதா? அதுதான் முன்னேற்றம். தொடக்கத்தில், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால், கடிகாரம் பச்சை காட்டினாலும் உடனே நின்று மருத்துவரைப் பாருங்கள்.

எண் பொய் சொல்லவில்லை. அது யாரோ ஒருவர், என்றோ, ஏதோ ஒரு தேவைக்காகக் கண்ட விடை. உங்கள் கேள்விக்கும் அதுதான் விடையா என்று பார்ப்பது உங்கள் வேலை. நாளைக்கும் ஓடுங்கள்.