ஆளுக்கு முன்னாடி போன கவர்

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் பெர்சனல். எங்க ஊர் திருத்தணி. மலை மேல முருகன் கோயிலுக்கு 365 படி, நாளுக்கு ஒரு படின்னு சின்ன வயசுல சொல்லித் தருவாங்க. இன்ஜினியரிங் முடிச்ச வருஷம் எனக்கு ஒரு வெளிநாட்டு யுனிவர்சிட்டியில அட்மிஷன் கிடைச்சுது. ஷ்யூரிட்டி போட ஆள் இல்லாம கல்விக்கடன் கடைசி நேரத்துல நின்னுபோச்சு. அங்க கிளாஸ் ஆரம்பிச்ச அன்னைக்கு, நான் அந்தப் படியில உட்கார்ந்து, என்கூடப் படிச்சவன் போட்ட கேம்பஸ் ஃபோட்டோவைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

அதனாலதான் எங்க ஊர்க்காரர் ஒருத்தர் கதை எனக்கு முக்கியம். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1888 செப்டம்பர் 5-ல் திருத்தணியில் பிறந்தவர். வீட்டில் பேசுனது தெலுங்கு. அப்பா ஜமீன் வேலையில் இருந்த சாதாரண வருவாய்த்துறை ஊழியர். திருப்பதி, வேலூர், அப்புறம் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி என்று படிப்பு முழுக்க ஸ்காலர்ஷிப்பில் ஓடியது. தத்துவம் எடுத்ததுக்குக் காரணம்? அதே காலேஜில் படிச்சு முடிச்ச ஒரு உறவுக்கார அண்ணன் தன் பழைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்துட்டார். அவ்ளோதான்!

அவர் வாங்கிப் படிச்ச பட்டம் எல்லாமே மெட்ராஸ் யுனிவர்சிட்டி பட்டம். வெளிநாட்டில் மாணவனாக ஒரு முதல் நாள் அவர் வாழ்க்கையில் வரவே இல்லை.

அதே மெட்ராஸில் அவரைவிட சுமார் எட்டரை மாசம் மூத்த இன்னொருத்தருக்கு அது வந்தது. கணிதமேதை ராமானுஜன். 1913 ஜனவரியில், துறைமுகக் கழகத்தில் கிளார்க்காக இருந்துகொண்டே, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருஷம் மெட்ராஸ் யுனிவர்சிட்டி கப்பல் செலவோடு வருஷத்துக்கு 250 பவுண்டும் கொடுத்தது. குடுமியை எடுத்தார், கோட்டு போட்டார், 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். ஏப்ரல் 14-ல் லண்டன். நெவில் என்ற கணித அறிஞர் காரோடு வந்து காத்திருந்தார். நாலு நாளில் கேம்பிரிட்ஜ்.

ஆனா பணம் எல்லாத்தையும் சொல்லித் தராதில்ல? அங்கே படிச்சுக்கிட்டிருந்த மகலனோபிஸ் ஒருநாள் அவர் அறைக்குப் போனப்போ, ராத்திரி குளிர் தாங்கலன்னு ராமானுஜன் சொன்னார். கட்டிலைப் பார்த்தால், கம்பளி எல்லாம் மெத்தைக்கு அடியில் ஒழுங்காகச் செருகியபடியே இருந்தது. அதுக்கு உள்ளே நுழைஞ்சு படுக்கணும்னு அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. மேலேயே படுத்திருந்தார்.

ராதாகிருஷ்ணன் என்ன பண்ணினார்? 1909-லிருந்து மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜில் பாடம் நடத்தினார். கூடவே கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குத் தபாலில் அனுப்பினார். 1911-லேயே பகவத் கீதையையும் ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டையும் ஒப்பிட்ட கட்டுரை அச்சாகிவிட்டது. அப்புறம் மைசூர், கல்கத்தா என்று வேலை மாறினார். கட்டுரை அனுப்புறது நிக்கல. அவர் எழுதிய பத்திரிகைகளில் ஒன்று ஹிப்பர்ட் ஜர்னல். அதன் ஆசிரியர் ஜேக்ஸ், ஆக்ஸ்ஃபோர்டில் மான்செஸ்டர் காலேஜின் தலைவர். அவர்தான் உரை நிகழ்த்தக் கூப்பிட்டார். 1926-ல் கல்கத்தா யுனிவர்சிட்டி தன் பிரதிநிதியாக ஒரு மாநாட்டுக்கு அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. அந்தப் பயணத்தில்தான் ஆக்ஸ்ஃபோர்டு. வயசு 37. அவர் போய் நின்னது பெஞ்ச் பக்கம் இல்ல, மேடைப் பக்கம்! பத்து வருஷம் கழிச்சு, 1936-ல், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலேயே ஸ்பால்டிங் பேராசிரியர் ஆனார்.

ரெண்டு பேர் கதையிலும் ஒண்ணு பொதுவா இருக்கு. ஆளுக்கு முன்னாடி கவர் போய்ச் சேர்ந்திருக்கு. எங்க துறையிலும் அப்படித்தான்; ஆளை நேர்ல பார்க்கிறதுக்கு முன்னாடி அவர் எழுதுன கோடைத்தான் பார்க்கிறோம்.

ஆசிரியர் தினத்துல இந்தக் கதையை 'விடாமுயற்சி'ன்னு சொல்லி முடிச்சிடுவாங்க. எனக்கு அது பாதிக் கதை. கவர் அவங்க அனுப்பினாங்க, சரி. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது மெட்ராஸ் யுனிவர்சிட்டியும் கல்கத்தா யுனிவர்சிட்டியும். புத்தகம் கொடுத்தது ஒரு அண்ணன். அப்படி யாரும் கொடுக்காததால நின்னுபோன கவர் எத்தனையோ இருக்கும்.

போன வாரம் என் சித்தி பையனுக்கு வெளிநாட்டுல அட்மிஷன் வந்துச்சு. கடனுக்கு ஷ்யூரிட்டி கேட்டாங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். "அண்ணா, வேற என்ன எடுத்துட்டுப் போகணும்?"னு கேட்டான். கம்பளிக்கு உள்ளே படுக்கணும்டா, மேலே இல்லன்னு சொன்னேன். அவனுக்குப் புரியல. இந்த எபிசோடை அனுப்பிடறேன்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!