மாநகராட்சியான புதுக்கோட்டை: ஆட்சி வடிவம் மாறும்போது சேரியின் குரல் என்னவாகிறது?

1912ஆம் ஆண்டில், சமஸ்தான ஆட்சிக் காலத்திலேயே, நகராட்சியாக அமைக்கப்பட்டது புதுக்கோட்டை. 2024 ஆகஸ்டில் அது மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. காரைக்குடி, நாமக்கல், திருவண்ணாமலை ஆகியவையும் அதே அறிவிப்பில் இடம்பெற்றன. நகரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளை இணைத்தே இந்தத் தரஉயர்வு திட்டமிடப்பட்டது. வீட்டு வரி கூடும், நூறு நாள் வேலை போய்விடும் என்று ஊராட்சி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோது, வளர்ச்சியை விரும்பாதவர்களின் முணுமுணுப்பு என்பதுபோல் அது கடந்து செல்லப்பட்டது. உண்மையில் அம்மக்கள் எழுப்பியது அரசமைப்புச் சட்டம் சார்ந்த ஒரு கேள்வி. ஓர் ஊரை எந்த வடிவத்தில் ஆள்வது என்பது, அங்கே யார் பேச முடியும் என்பதையும் சேர்த்தே முடிவுசெய்கிறது.

ஊராட்சியிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் பிறப்புரிமைபோல் கிராம சபையின் உறுப்பினர். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் அது கூட வேண்டும். கிராம சபைத் தீர்மானம் வெறும் காகிதம் என்று இளைஞர்கள் சலித்துக்கொள்வதுண்டு. மயானப் பாதைக்கும் குடிநீருக்கும் வழக்குத் தொடுக்கும்போது அந்தக் காகிதத்தின் நகல் எவ்வளவு பயன்படும் என்பதை வழக்கறிஞர்கள் அறிவர்.

தனித்தொகுதி ஊராட்சியின் தலைவர் பொறுப்புக்கு வரும் தலித் ஒருவர் நிர்வாக அதிகாரத்தையே கையில் எடுக்கிறார். அதனால்தான் 1997இல் மேலவளவில் முருகேசன் கொல்லப்பட்டார். அதனால்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் 2006 வரை தேர்தலை முறையாக நடத்தவிடாமல் ஆதிக்கச் சாதியினர் தடுத்தனர். அதிகாரமில்லாத நாற்காலிக்காக யாரும் பத்தாண்டுகள் மல்லுக்கட்டுவதில்லை.

இதைச் சொல்வது கிராமத்தைப் புனிதப்படுத்துவதற்காக அன்று. 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் பேசிய அம்பேத்கர், கிராமக் குடியரசு என்னும் கற்பனையைக் கடுமையாக மறுத்தார். இம்மாவட்டத்தின் வேங்கைவயலில், தலித் மக்கள் அருந்தும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் தெரியவந்தது. அது முத்துக்காடு ஊராட்சிக்கு உட்பட்ட ஊர். இரண்டாண்டுகள் கழித்து, 2025 சனவரியில், சிபிசிஐடி அதே ஊரின் தலித் இளைஞர்கள் மூவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. பாதிக்கப்பட்டோரையே குற்றவாளிகளாக்குவதாக எதிர்ப்பு எழுந்தது. கிராம சபையும் நேரடித் தேர்தலும் இருந்தும் ஒரு சேரியின் குடிநீர் பாதுகாக்கப்படவில்லை. எனவே நகரமயமாதலை ஒரு விடுதலையாக எதிர்நோக்கும் தலித் இளைஞர்களின் மனநிலையில் நியாயம் உண்டு. ஆனால் நகரத்தின் ஆட்சி வடிவம் அந்த எதிர்பார்ப்புக்கு இடம் தருகிறதா?

தமிழ்நாட்டில் மாநகராட்சியின் செயலாட்சி அதிகாரம் ஆணையரிடம் உள்ளது. அவரை நியமிப்பது மாநில அரசு. மேயர் மாமன்றக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார். மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றும். மும்பையின் 1888ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆங்கிலேயர் வகுத்த ஆணையர் முறையின் வழிவந்தது இது. இதற்கு மாறாக, கொல்கத்தாவில் 1980ஆம் ஆண்டுச் சட்டம் மேயரையும் அவர் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களையும் கொண்ட ஓர் அமைச்சரவை போன்ற முறையைக் கொண்டுவந்தது. அங்கே குப்பை அள்ளப்படவில்லை என்றால் எந்த உறுப்பினரைக் கேட்பது என்று தெரியும். இங்கே கவுன்சிலர் ஆணையரைக் காட்டுவார். ஆணையர் அரசாணையைக் காட்டுவார். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு பதின்மூன்று நாள்கள் போராடி, நள்ளிரவில் அகற்றப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் இதை அனுபவத்தில் கண்டனர். அவர்களது மாநகராட்சியின் மேயர் ஒரு தலித் பெண்.

அந்தப் பிரதிநிதித்துவத்தைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. 2022இல் சென்னை, தாம்பரம், ஆவடி ஆகிய மூன்று மேயர் பதவிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதும், சென்னைக்கு முதன்முறையாகத் தலித் பெண் மேயர் கிடைத்ததும் வரலாறு. ஆனால் அப்பதவிக்கு வரும் வழி மறைமுகத் தேர்தல். தமிழ்நாட்டில் மேயர் தேர்தல் 1996, 2001 ஆண்டுகளில் நேரடியாகவும், 2006இல் மறைமுகமாகவும், 2011இல் மீண்டும் நேரடியாகவும், 2022இல் மறுபடியும் மறைமுகமாகவும் நடந்தது. எந்த ஆட்சிக்கு எது வசதியோ அதுவே விதி! மறைமுகத் தேர்தலில் மக்களைவிடக் கட்சித் தலைமைக்கே மேயர் கடமைப்படுகிறார். தலைமைகூட எப்போதும் வெல்வதில்லை. 2022 மார்ச் 4 அன்று விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர், துணைத் தலைவர் பதவிகள் சிலவற்றில் திமுகவினரே போட்டியிட்டு வென்றனர். அவர்கள் பதவி விலக வேண்டும் என்று முதல்வர் பகிரங்கமாகக் கூற நேர்ந்தது.

ஆட்சி வடிவம் ஒரு சமூகத்தையே வாக்குரிமையோடு சேர்த்து ஊமையாக்கக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் மொபைல் நகரம் சான்று. 1911 முதல் அந்நகரை மூன்று ஆணையர்கள் ஆண்டனர். வார்டுகள் கிடையா, நகரம் முழுவதும் வாக்களித்து மூவரையும் தேர்ந்தெடுக்கும். மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். ஆனாலும் ஒரு கறுப்பினத்தவர்கூட ஆணையராகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1980இல், பாகுபாட்டு நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று கூறி நீதிமன்றம் அம்மக்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1982இல் வாக்குரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. 1985இல் ஏழு வார்டுகள் கொண்ட மன்ற முறைக்கு நகரம் மாறியதும் கறுப்பினத்தவர் மூவர் உறுப்பினராயினர். மக்கள்தொகை மாறவில்லை, எல்லைக்கோடுகளும் ஆட்சி வடிவமும் மாறின.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 243T பிரிவு மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கு இடங்களை ஒதுக்குவதால் மொபைல் நிலை இங்கு அப்படியே வராது. ஆனால் ஓர் ஊராட்சியில் பாதிக்கு அருகில் இருந்த சேரி, மாநகராட்சி வார்டு வரையறையில் இரண்டாகப் பிளக்கப்பட்டால் இரு வார்டுகளிலும் அது சிறுபான்மையாகிவிடும்.

நகரத்தில் கிராம சபைக்கு ஈடாகச் சொல்லப்படுவது பகுதி சபா. 2022இல் விதிகள் வெளியிடப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் முதல்வரே பங்கேற்றார். நல்ல தொடக்கம்தான். ஆயினும் பகுதி சபாவின் பிரதிநிதிகள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, மன்றத்தால் நியமிக்கப்படுகின்றனர். கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் கவுன்சிலர். ஆளுங்கட்சியின் வார்டுக் கிளையும் பகுதி சபாவும் ஒரே முகங்களைக் கொண்டிருப்பதை எந்த நகரத்திலும் காணலாம். அதற்காக அதைப் புறக்கணிப்பது அறிவுடைமை அன்று. கூட்ட அறிவிப்பு, வருகைப் பதிவு, தீர்மான நகல் ஆகியவற்றைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்பதற்கு ஒரு கல்லூரி மாணவரே போதும்.

ஊரக வேலையுறுதித் திட்டம் பெயரிலேயே சொல்வதுபோல் ஊரகத்துக்கு மட்டுமே உரியது. மாநகராட்சி எல்லைக்குள் வந்த மறுநாளும் கூலித் தொழிலாளி கூலித் தொழிலாளியாகவே இருக்கிறார். சட்டம் தந்த வேலை கோரும் உரிமை மட்டும் இல்லாமற்போகிறது. தமிழ்நாடு அரசு 2022இல் சோதனை முறையில் கொண்டுவந்த நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் அந்தச் சட்ட உரிமைக்கு மாற்றாகாது.

இப்போதைய நிலை இதுதான். புதுக்கோட்டையின் மன்றம், பழைய நகராட்சியின் 42 வார்டுகளிலிருந்து 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்டது. இணைப்புக்கு உள்ளான ஊராட்சிகளின் மக்கள் அதற்கு வாக்களித்தவர்கள் அல்லர். மாவட்டத்தின் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமும் 2025 சனவரி 5 அன்று முடிந்துவிட்டது. அடுத்த நகர்ப்புறத் தேர்தலுக்கு முன் வார்டுகள் மறுவரையறை செய்யப்பட வேண்டும். வரைவு வெளியிடப்பட்டு ஆட்சேபணைகள் பெறப்பட வேண்டும். அதற்கு முன்பாகவே ஒவ்வொரு சேரியின் தெருப் பட்டியலையும் வாக்காளர் எண்ணிக்கையையும் தொகுத்து வைத்தல் வேண்டும். வரைவில் தெருக்கள் பிரிக்கப்பட்டிருந்தால், குறித்த காலத்துக்குள் எழுத்துமூலம் ஆட்சேபணை கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்னது பின்னர் நீதிமன்றத்தில் நிற்காது.