கவனக்குறைவும் மிகைத்துடிப்பும்: குணக்கேடு என்ற தீர்ப்பிலிருந்து சட்டத்தின் அட்டவணை வரை

புதுடெல்லியின் மந்திர் மார்க்கை வெளியூர்க்காரர்கள் பிர்லா மந்திரைக் கொண்டும் காளி பாரியைக் கொண்டும் அடையாளம் சொல்வார்கள். பள்ளி நாட்களின் காலையில் அந்தச் சாலையை நிறைப்பவர்கள் சீருடைப் பிள்ளைகள். அது ரீடிங் ரோடு என்று அழைக்கப்பட்ட காலத்தில், அரசு வேலைக்காகத் தலைநகருக்குக் குடிவந்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு வழி தேடினார்கள். ராய்சினா வங்காளப் பள்ளி அப்படி வந்தது. 1923இல் தொடங்கிய தமிழர்களின் முயற்சி, இன்று ஏழு பள்ளிகளை நடத்தும் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்திருக்கிறது. அவற்றுள் ஒன்று மந்திர் மார்க்கில் உள்ளது. அங்கிருந்து நடந்து போகும் தொலைவிலேயே கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனை 1956 முதல் இயங்கி வருகிறது.

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகைத்துடிப்பு நிலையின் வரலாறு, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான இந்தக் குறுகிய தூரத்திலேயே நடந்திருக்கிறது. அந்த நிலைக்கு மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள். அதற்கான சான்று பெரும்பாலும் வகுப்பறையிலிருந்து வந்தது. வகுப்பறையோ சத்தம் போடும் பிள்ளையைத்தான் முதலில் கண்டது. அதனால் வரையறையிலும் நெடுங்காலம் அந்தப் பிள்ளையே நின்றது. அமைதியாக உட்கார்ந்தபடி பாடத்தைத் தவறவிடும் பிள்ளைக்கு அதில் இடம் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798இலேயே, ஒன்றில் மனம் நிலைக்காத தன்மை பிறவியிலேயே அமையக்கூடும் என்று எழுதினார். அது பள்ளிப் படிப்பைப் பாதிப்பதையும் அவர் கவனித்திருந்தார். அந்த நூல் பின்னர் கவனிப்பாரற்றுப் போயிற்று. 1902இல் லண்டனில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய சொற்பொழிவுகளையே பலரும் தொடக்கமாகக் கொள்கிறார்கள். அறிவில் குறையில்லாமல், அடக்கத்தில் மட்டும் குறையுள்ள பிள்ளைகளை அவர் விவரித்தார். அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே அழைத்தார். வளர்ப்பு மட்டும் இதற்குக் காரணமல்ல, உடலிலும் காரணம் இருக்கலாம் என்ற அவருடைய கருத்து பெரிய முன்னேற்றம். ஆனால் ஒழுக்கம் என்ற பேச்சு அதனுடன் ஒட்டிக்கொண்டது. நம் பள்ளிகளில் பிரம்பு ஆண்ட காலம் முழுவதும், சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை என்ற ஒரே தீர்ப்பில் இந்தக் குழந்தைகள் அடைபட்டுக் கிடந்தார்கள்.

முதல் உலகப்போர்க் காலத்தில் பரவிய மூளை அழற்சி நோய்க்குப் பின், பிழைத்த குழந்தைகள் சிலரிடம் அடங்காத துடிப்பு தென்பட்டது. மூளைக்கு ஏற்பட்ட சேதமே காரணம் என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி, மருத்துவமனையில் தங்கியிருந்த 30 குழந்தைகளுக்குப் பென்செட்ரின் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் 14 பேரின் பள்ளிப் பாடத்தில் வியக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. மூளையைப் படமெடுக்கும் பரிசோதனைக்குப் பின் வரும் தலைவலிக்காகத்தான் அவர் அந்த மருந்தை முதலில் பயன்படுத்தியிருந்தார். பிள்ளைகளே அதைக் கணக்கு மாத்திரை என்று அழைத்தார்கள். 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். அது பத்தாண்டுகளில் ரிட்டாலின் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. நோயின் வரையறை தெளிவாவதற்கு முன்பே மருந்து கிடைத்துவிட்டது. இந்தத் துறையைச் சுற்றி இன்றும் நிலவும் சந்தேகங்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

சேதம் எதையும் காட்ட முடியாத குழந்தைகளே பெரும்பாலோர் என்பதால், 1960களில் அதை நுண்ணிய மூளைச் செயற்குறை என்று மாற்றி அழைத்தார்கள். 1968இல் அமெரிக்க மனநலக் கையேட்டின் இரண்டாம் பதிப்பு துடிப்பையே தலைப்பாக்கியது. கனடாவில் வெர்ஜீனியா டக்ளஸ் 1972இல் விவாதத்தைத் திருப்பினார். ஓடுவதும் குதிப்பதும் மேலே தெரிபவை. கவனத்தை நீடிக்க முடியாததும், எழும் உந்துதலை நிறுத்த முடியாததுமே அடிப்படை என்றார். 1980இல் வந்த மூன்றாம் பதிப்பு அதை ஏற்று, துடிப்புடன் கூடியது, துடிப்பில்லாதது என இரண்டு வகைகளைக் காட்டியது. இன்றுள்ள பெயர் 1987இல் வந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். ஆறு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும்.

இந்திய வரலாறு வேறு வழியில் போனது. நம் மருத்துவமனைகள் பின்பற்றியது உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டை. அதன் பத்தாம் பதிப்பில் இருந்தது மிகைத்துடிப்புக் கோளாறு. கவனக்குறைவும் துடிப்பும் சேர்ந்தே இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அமெரிக்கக் கையேடு அமைதியான பிள்ளைக்கு 1980இலேயே கதவைத் திறந்திருந்தது. நாம் வழிகாட்டியாகக் கொண்ட வகைப்பாட்டிலோ அந்தக் கதவு சாத்தியே இருந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பே கவனக்குறைவு மேலோங்கிய வகையைத் தனியாக ஏற்றது. ஜன்னலோரம் அமர்ந்து, கேள்வி கேட்கும்போது மட்டும் திடுக்கிட்டு விழிக்கும் சிறுமி பட்டியலில் இடம்பெற எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது என்று எண்ணும்போது மனம் வலிக்கிறது. பெண்பிள்ளைகளிடம் இந்த வகைதான் அதிகம் தவறவிடப்படுகிறது என்பதை இத்துறை ஆய்வாளர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள்.

இந்தியாவின் முதல் குழந்தை வழிகாட்டு மையம் 1937இல் மும்பையில், பின்னாளில் டாடா சமூக அறிவியல் நிறுவனமாக வளர்ந்த கல்லூரியில் தொடங்கியது. எண்ணிக்கையை ஆராய்ந்த ஆய்வுகள் வர நெடுங்காலமாயிற்று. எம். எஸ். பாட்டியாவும் சக மருத்துவர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தை நல வெளிநோயாளர் பிரிவுக்கு வந்த 3 முதல் 12 வயது வரையிலான ஆயிரம் குழந்தைகளைப் பரிசோதித்தது. 3–4 வயதினரில் 5.2 சதவீதமாக இருந்த விகிதம், 11–12 வயதினரில் 29.2 சதவீதமாக உயர்ந்திருந்தது. கோயம்புத்தூரில் தொடக்கப்பள்ளி மாணவர்கள் 770 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில் கிடைத்தது 11.32 சதவீதம். கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்பிள்ளைகள். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் போலன்சிக் குழு கண்ட சராசரியோ 5.29.

இந்த வேறுபாட்டை வைத்து, தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் இந்த நிலை இரு மடங்கு என்று சொல்வது தவறு. மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணுவதும் பள்ளிக்குச் சென்று எண்ணுவதும் ஒன்றல்ல. ஆசிரியரும் பெற்றோரும் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவம் சந்தேகத்துக்குரியவர்களைத் திரட்டித் தரும். நோயை உறுதிப்படுத்துவது அதன் வேலை அல்ல. மேலைநாட்டுப் படிவங்களை அப்படியே எடுத்தாளும் குறையைப் போக்கத்தான் 6 முதல் 9 வயது வரையிலான இந்தியக் குழந்தைகளுக்கென ஒரு கண்டறிக் கருவியை இன்க்ளென் அமைப்பு உருவாக்கியது. அதன் சோதனை முடிவுகள் 2014இல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளியாயின. கலாவதி சரண் மருத்துவமனையின் மருத்துவர்களுக்கு அந்தப் பணியில் முக்கியப் பங்கு உண்டு.

மந்திர் மார்க் போன்ற ஒரு பள்ளித் தெருவில் நுட்பமான கருவியும் தடுமாறக்கூடும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் என வளரும் பிள்ளை, மொழி புரியாமல் விழிப்பதும் கவனமின்மையாகவே தெரியும். பார்வைக் குறை, செவித்திறன் குறை, ரத்தசோகை, தூக்கமின்மை ஆகியவற்றையும் விலக்கிப் பார்த்தாக வேண்டும். வயதும் ஒரு விஷயம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012இல் வெளியான ஆய்வின்படி, ஆண்டின் கடைசி மாதத்தில் பிறந்து வகுப்பிலேயே இளையவர்களாக இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் சூட்டப்படும் வாய்ப்பு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட ஆண்களில் 30 சதவீதமும் பெண்களில் 70 சதவீதமும் கூடுதல். பிலிப் ஷா குழு 2007இல் மூளைப் படங்களைக் கொண்டு காட்டியதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மூளைப் புறணி அதன் உச்சத் தடிமனை எட்டும் இடைநிலை வயது மற்ற குழந்தைகளுக்கு 7.5, இந்தக் குழந்தைகளுக்கு 10.5. தாமதம் அதிகம் தெரிந்தது கவனத்தையும் அடக்கத்தையும் ஆளும் முன்மூளைப் பகுதியில். வளர்ச்சியின் வரிசை மாறவில்லை, வேகம் மட்டுமே குறைந்திருந்தது. ஒரு தாய்க்கு இதைவிட நிம்மதி தரும் ஆய்வு முடிவு இத்துறையில் அரிது.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆறு வயதுக்குக் கீழ் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சிதான் முதல் படி. அதற்கு மேல், தேவைப்பட்டால் மருந்தும் சேரும். அமெரிக்காவில் 579 குழந்தைகளைப் 14 மாதங்கள் தொடர்ந்து, 1999இல் வெளியான பெரிய ஆய்வு, முதன்மை அறிகுறிகளைக் குறைப்பதில் கவனமாகக் கண்காணிக்கப்பட்ட மருந்து நன்கு பயன்படுவதைக் காட்டியது. இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் மனமயக்கிப் பொருள் அட்டவணையில் இருக்கிறது. பிள்ளைக்கு போதை மருந்து கொடுக்கிறோமோ என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தை அதட்டி அடக்கக் கூடாது. மருத்துவர் உட்கார்ந்து விளக்க வேண்டும்.

சட்டம் இந்தப் பிள்ளைகளை நெருங்கி வந்து, ஓர் அடி முன்னால் நின்றுவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், டெல்லியின் அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் சிறப்பு ஆசிரியர்கள் இருவராவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பள்ளிகளில் பரிசோதிக்க வேண்டிய நிலைகளில் ஏடிஎச்டியையும் சேர்த்தது. ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஎச்டி இல்லை. சிபிஎஸ்இ தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் அந்தச் சட்டத்தின் வரையறையை ஒட்டியே அமைந்தவை. கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் வழியாக உதவி கிட்டும். கவனக்குறைவு மட்டும் உள்ள பிள்ளைக்கு அந்த வழி இல்லை. பள்ளியில் தேடிக் கண்டுபிடி என்று ஓர் அரசுத் திட்டம் சொல்கிறது. கண்டுபிடித்த பிள்ளைக்குத் தேர்வு அறையில் என்ன தருவது என்பதற்கு அரசின் சட்டத்தில் விடை இல்லை. இதைச் சரிசெய்யப் புதிய சட்டம் தேவையில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை, மத்திய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையையும் சேர்த்துக்கொள்ள ஏற்கெனவே இடம் வைத்திருக்கிறது; ஓர் அறிவிக்கை போதும்.