சிசேரியன் வந்த வழி

ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பெற்றவன் என்றும், அதனாலேயே இவ்வறுவைக்குச் சிசேரியன் என்னும் பெயர் வாய்த்தது என்றும் நாம் பள்ளிப் பருவத்தில் கேட்டிருக்கிறோம். கதை சுவையானதே, நம்புதற்குரியது அன்று. சீசரின் அன்னை அவுரேலியா, மகன் ஆளாகிக் கால் நாட்டில் படை நடத்திய காலத்திலும் உயிரோடு இருந்தவள். அந்நாளில் வயிறு கீறப்பட்டவள் அத்துணை ஆண்டுகள் வாழ்ந்திருத்தல் அரிது. கருவுற்ற பெண் இறந்தால், சிசுவை வெளியே எடுக்காமல் அவளைப் புதைத்தலாகாது என்று ரோமர் சட்டம் ஒன்று இருந்தது. அறுத்தலைக் குறிக்கும் லத்தீன் வினைச்சொல்லும் ஒலியால் இப்பெயரை ஒத்திருக்கிறது. பெயரின் வேர் இவற்றில் இருத்தல் கூடும்.

நம் நாட்டிலும் இவ்வறுவை மாண்டவள் வயிற்றிலேதான் தொடங்குகிறது. தாய் இறந்து, வயிற்றில் சிசு துடிப்பது தெரிந்தால், மருத்துவன் உடனே கீறி எடுக்கவேண்டும் என்பது சுசுருதர் சம்ஹிதையின் விதி. சந்திரகுப்த மௌரியனுக்கென வைத்த நஞ்சு கலந்த உணவை அறியாமல் உண்ட கருவுற்ற ராணியின் வயிற்றைச் சாணக்கியர் கீறிப் பிந்துசாரனை எடுத்தார் என்று ஜைன ஆசிரியர் ஹேமசந்திரர் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். வரலாறோ, கற்பனையோ, அதிலும் பிள்ளை பிழைக்கிறான், தாய் பிழைக்கவில்லை.

உயிருள்ள தாய்க்கே இதனைச் செய்யலாம் என்று பிரெஞ்சு மருத்துவர் பிரான்ஸ்வா ரூஸே 1581-இல் ஒரு நூல் எழுதினார். அக்காலத்து அறுவை வல்லுநருள் தலைசிறந்தவரான அம்ப்ரோஸ் பாரே அதனை எதிர்த்தார். எதிர்த்ததில் வியப்பில்லை. 1610-இல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் அறுவை செய்யப்பெற்ற தாய் ஏறத்தாழ இருபத்தைந்து நாள் வாழ்ந்து மாண்டாள். அதுவே பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது. 1865-இல்கூடப் பிரிட்டனில் இவ்வறுவைக்கு ஆளான தாய்மாரில் நூற்றுக்கு 85 பேர் இறந்தனர் என்பது கணக்கு.

ஏன் இறந்தனர்? வலி அன்று காரணம். ஈதரும் குளோரோபாரமும் 1846, 1847-ஆம் ஆண்டுகளில் வந்துவிட்டன, சாவு குறையவில்லை. உதிரப்பெருக்கும் சீழ்க்காய்ச்சலுமே எமன்களாயின. இவ்விடத்தில் ஒரு விந்தையைக் கவனித்தல் வேண்டும். வயிற்றின் மேல்தோலைத் தைத்த மருத்துவர்கள், உள்ளே கருப்பையில் தாம் இட்ட வெட்டைத் தைக்காமலே விட்டனர். கருப்பை தானே சுருங்கி வாயை மூடிக்கொள்ளும் என்பதும், உள்ளே இட்ட தையலைப் பின்னர் எடுக்க வழியில்லை என்பதும் அவர்கள் கொண்ட கொள்கை. அக்கொள்கைக்கு எத்தனை தாய்மார் பலியாயினர் என்பதற்குக் கணக்கில்லை.

1876-இல் இத்தாலியின் பாவியா நகரில் எடுவார்டோ போரோ வேறு வழியை நாடினார். இடுப்பெலும்பு குறுகிய ஒரு பெண்ணுக்குக் குழந்தையை எடுத்தவுடன் கருப்பையையும் அறுத்து நீக்கினார். தாயும் சேயும் பிழைத்தனர். ஆயினும் அப்பெண்ணுக்கு இனி மகப்பேறு இல்லை. உயிருக்கு அவள் கொடுத்த விலை அது.

அவ்விலையின்றியே உயிர் காக்கும் வழியை 1882-இல் லைப்சிக் நகரத்து மாக்ஸ் ஸாங்கர் காட்டினார். கருப்பையின் வெட்டையே வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் செவ்வனே தைத்தார். அதற்கு முந்திய ஆண்டே கெஹ்ரர் என்பவரும் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டித் தைத்திருந்தார். நூற்றாண்டுகளாகத் தோன்றாதிருந்த உபாயம், பார்க்கப்போனால், ஊசியும் நூலும்தான்! 1888-இல் கிளாஸ்கோ நகரில் மர்டாக் காமரான், கணைநோயால் எலும்பு வளைந்த ஓர் ஏழைப் பெண்ணுக்கு இம்முறையில் அறுவை செய்து இருவரையும் காத்தார். லிஸ்டர் கற்பித்த கிருமி நீக்க முறை கைகொடுத்தது. பின்னர் இரத்தம் ஏற்றுதலும் பெனிசிலினும் சேர்ந்தன.

ஐரோப்பியர்க்கே உரிய வித்தை இது என்று எண்ணிவிடலாகாது. பெல்கின் என்னும் ஆங்கில மருத்துவர் 1879-இல் உகாண்டாவில் நாட்டு வைத்தியர் ஒருவர் இவ்வறுவையைச் செய்ததைக் கண்டார். வாழைப்பழ மதுவால் தாய்க்கு மயக்கம் தந்து, அம்மதுவாலேயே கையையும் வயிற்றையும் கழுவி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் உதிரத்தை அடக்கினார் வைத்தியர். பதினொரு நாளில் புண் ஆறியது.

இன்று நிலைமை தலைகீழ். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் நூற்றுக்கு 21.5 பேறுகள் அறுவையால் நிகழ்கின்றன. 2005-06-இல் இது 8.5 மட்டுமே. தனியார் மருத்துவமனைகளில் 47.4, அரசு மருத்துவமனைகளில் 14.3. தமிழ்நாட்டில் 44.9, தெலங்கானாவில் 60.7, நாகாலாந்தில் 5.2. நாகாலாந்தின் சிறிய எண்ணைக் கண்டு மகிழ்வதற்கில்லை. ஆய்வுக் காலத்தில் அங்குப் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்கு வெளியே பிறந்தன. நஞ்சு கீழிறங்கிப் பாதையை அடைத்தாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ, கத்தி எட்டாத ஊரில் தாயும் சேயும் மாள்வர். ஆப்பிரிக்காவின் 22 நாடுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, அங்கு அறுவைக்குப் பின் தாய்மார் இறக்கும் வீதம் செல்வ நாடுகளினும் ஏறத்தாழ ஐம்பது மடங்கு என்று காட்டியது.

மற்றொரு புறம், நாடு முழுமைக்குமாக நோக்குங்கால் நூற்றுக்குப் பத்துக்கு மேல் அறுவைகள் பெருகுவதால் தாய்சேய் மரணம் மேலும் குறைவதில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் அறிவித்தது. காரணமின்றி 39 வாரத்திற்கு முன்னரே எடுக்கப்பெறும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் நேர்தல் கூடும். தாய்க்கோ, அடுத்த கருவில் நஞ்சு பழைய தழும்பின்மேல் ஒட்டிக்கொண்டு பிரியாமல் உதிரப்பெருக்கை விளைவிக்கும் அபாயம் ஒவ்வோர் அறுவைக்கும் ஏறுகிறது.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் தனியே ஒரு செய்தி உண்டு. தலைப் பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வதும், இரண்டாவதற்குத் தில்லியிலோ பம்பாயிலோ தங்குவதும் நம்மிடையே இயல்பு. முதல் அறுவையில் கருப்பை குறுக்காக வெட்டப்பட்டதா, நெடுக்காக வெட்டப்பட்டதா என்பதைப் புதிய மருத்துவர் அறிந்தாகவேண்டும். நெடுக்கு வெட்டுத் தழும்பு அடுத்த பேற்று வலியில் கிழியும் அபாயம் மிகுதி. வயிற்றுத் தோலின் தழும்பைப் பார்த்து இதனைக் கூற இயலாது. அது முதல் மருத்துவமனை கொடுத்த சீட்டில்தான் எழுதப்பட்டிருக்கும். பெட்டியில் சேலைகளோடு அச்சீட்டும் ரயிலேறவேண்டும்.